எஸ்7-300 உதிரி கார்டுகள்: இன்னும் வாங்கி வைக்கலாமா?

சீமென்ஸ் எஸ்7-300 என்பது மெஷினை ஓட்டுகிற பிஎல்சி (ப்ரோகிராம் போட்டு இயக்கும் கன்ட்ரோலர்) வரிசை. அதில் மூன்று சாமான்களைப் பற்றிய விமர்சனம் இது. ப்ரோகிராமை ஓட்டுகிற சிபியு 315-2 டிபி, வால்வுகளை இயக்குகிற எஸ்எம் 322 என்கிற 32 பாயின்ட் அவுட்புட் கார்டு, சென்சார் அளவுகளை வாங்குகிற எஸ்எம் 331 என்கிற 8 சேனல் அனலாக் இன்புட் கார்டு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கு உதிரியாக அலமாரியில் வாங்கி வைக்கத் தகுமா என்பதுதான் கேள்வி. புதிதாகப் பேனல் கட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

2023 அக்டோபரில் இந்த வரிசை படிப்படியாக நிறுத்தப்படும் கட்டத்துக்கு வந்துவிட்டதாக சீமென்ஸ் அறிவித்தது. அதற்கப்புறம் பத்து வருடம் உதிரிபாகமாகக் கிடைக்கும் என்பது கணக்கு. அறிவிப்பு வந்ததிலிருந்து திருப்பூர், பெருந்துறைப் பக்கம் மெயின்டனன்ஸ் ஆட்கள் எங்கே கூடினாலும் இதே பேச்சுதான். "இப்பவே நாலு சிபியு வாங்கிப் போட்டுரலாமுங்களா சார்?" என்று கேட்கிறார்கள். சிபியு ஒன்று போதும், மிச்சக் காசுக்கு வேறு சாமான் வாங்குங்கள் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் எலக்ட்ரிகல் பொறுப்பு எனக்கு. எங்களிடம் எஸ்7-300 இரண்டு இடத்தில் இருக்கிறது, ஸ்டென்டரிலும் (துணியை விரித்துக் காய வைக்கும் மெஷின்) ஆர்ஓ பிளான்டிலும் (கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடம்). 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்த ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்க முடியும் என்றானது. அதன் பிறகு ஊர் முழுக்க ஆர்ஓவும் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஏறின. அந்தப் பேனல்களுக்கெல்லாம் இப்போது ஒன்றாக வயதாகிறது. ஆர்ஓ நின்றால் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும், தொட்டி நிரம்பினால் டையிங்கை நிறுத்தியாக வேண்டும். பாதியில் நிற்கிற லாட்டின் ஷேடுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் எங்களைப் போன்ற இடங்களில் உதிரி கார்டு என்பது எலக்ட்ரிகல் ஆளின் கவலை மட்டும் கிடையாது, டையிங் மாஸ்டரும் வந்து விசாரிப்பார்.

முதலில் எது சாகும்? நான் பார்த்த வரையில் சிபியு கடைசி. முதலில் போவது 24 வோல்ட் பவர் சப்ளை. அதுவும் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் லைனை நிறுத்துகிற நாளில், மாலை கரண்ட் வந்ததும் போகும். வருடக்கணக்கில் சூட்டிலேயே ஓடிய கெபாசிட்டர் உள்ளே வற்றிப்போயிருக்கும். நிற்காமல் ஓடுகிறவரைக்கும் சமாளிக்கும், ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி கிளம்பாது. இதில் ஒரு நல்ல செய்தி. பிஎஸ் 307 என்கிற அந்த அசல் பவர் சப்ளையைத் தேடி அலைய வேண்டாம். சிபியுவுக்கு வேண்டியது ஒழுங்கான 24 வோல்ட் டிசி மட்டும்தான். நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் எதை வைத்தாலும் ஓடும். கார்டுகளை வரிசையாக மாட்டுகிற ரேக்கில் அதற்கான இடம் காலியாக இருந்தாலும் சிபியு கண்டுகொள்ளாது.

அடுத்தது அவுட்புட் கார்டு. எஸ்எம் 322-ன் அவுட்புட் ஒவ்வொன்றும் அரை ஆம்பியர் தாங்கும், ஷார்ட் ஆனால் தானே கட் ஆகும் பாதுகாப்பும் உள்ளேயே உண்டு. காகிதத்தில் பார்த்தால் அசைக்க முடியாத கார்டு. சாயப்பட்டறையில் நிலைமை வேறு. வால்வைத் திறக்கிற சோலனாய்டு காயிலுக்குள் ஆவி இறங்கும், ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் நிற்கும், யாரோ ஒருவர் 24 வோல்ட் வயர் போகிற குழாயிலேயே 230 வோல்ட்டையும் இழுத்திருப்பார். இரண்டும் ஒரு மழை நாளில் சந்தித்துக்கொண்டால் எந்தப் பாதுகாப்பும் நிற்காது. ஒரு சேனல் போனால் அது இருக்கிற எட்டுச் சேனல் குழுவே சேர்ந்து போகிறது. கார்டுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சின்ன ரிலே போட்டிருந்தால் ரிலேதான் எரியும், கார்டு பிழைக்கும். எங்கள் ஆர்ஓ பேனலில் ஆரம்பத்திலிருந்தே ரிலே இருக்கிறது, அதில் அவுட்புட் கார்டு மாற்றியதே இல்லை. ஸ்டென்டரில் நேரடி இணைப்பு, அங்கேதான் செலவு. உதிரி கார்டு வாங்கக் காசு கேட்கும்போது இந்த ரிலே வரிசைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

எஸ்7-300-ஐ நான் பாராட்டுவது கார்டு மாற்றுகிற சுலபத்துக்காக. முன்பக்க மூடியைத் திறந்து, 40 பின் ஃப்ரன்ட் கனெக்டரின் நடு ஸ்க்ரூவைக் கழற்றினால் வயரோடு மொத்தமும் கையோடு வந்துவிடும். ஒரு வயரைக்கூடத் தொட வேண்டாம். கார்டின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, கீழ்ப்பக்கத்தை முன்னால் தூக்கி, மேலே ரெயில் கொக்கியிலிருந்து எடுத்துவிடலாம். பின்னால் யு வடிவத்தில் ஒரு பஸ் கனெக்டர் இருக்கும், பக்கத்துக் கார்டோடு பேசுவது அது வழியாகத்தான். இன்புட், அவுட்புட் கார்டு வாங்கினால் அதனுடன் ஒன்று வரும், சிபியுவுடன் வராது. அவசரத்தில் கழற்றுகிறவர்கள் அதைத் தரையில் தவறவிட்டுத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு எக்ஸ்ட்ரா வைத்துக்கொள்ளுங்கள். பவரை நிறுத்திவிட்டுத்தான் இதெல்லாம். மெயின் ரேக்கில் ஓடும்போதே கழற்றி மாட்டுகிற வசதி இந்த வரிசையில் கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம், புது ஆட்கள் திணறுகிற இடம். புதுக் கார்டில் ஃப்ரன்ட் கனெக்டர் உட்காருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கோடிங் கட்டை இருக்கும். முதல்முறை கனெக்டரை மாட்டும்போது அதில் பாதி கனெக்டரோடு ஒட்டிக்கொள்ளும், மீதி கார்டிலேயே தங்கிவிடும். தப்பான வகைக் கார்டில் தப்பான கனெக்டர் ஏறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஏற்கெனவே பாதிக் கட்டை ஒட்டியிருக்கிற பழைய கனெக்டரைப் புதுக் கார்டில் ஏற்றப் போனால், அங்கே முழுக் கட்டை இருக்கும், இடிக்கும். புதுக் கார்டிலிருக்கிற மேல் பாதியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். தெரியாதவர்கள் கார்டு மாடல் தப்பு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் அமுக்கி உடைக்கிறார்கள்.

இதே கட்டைதான் வாங்கும்போது எனக்கு உதவுகிறது. "சார், பாக்ஸ் பீஸ்ங்க, சீல்கூட உடைக்கல" என்று சொல்லி வருகிற கார்டில் கட்டையின் மேல் பாதி இல்லையென்றால், அது ஏதோ ஒரு மெஷினில் ஓடிவிட்டு வந்தது. அட்டைப்பெட்டியும் சீலும் இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துத் தருகிறார்கள். பின்பக்க பஸ் பின்களில் கீறல், ரெயிலில் தொங்கிய தடம், அடி ஸ்க்ரூவின் தலையில் தேய்மானம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழையதை வாங்குவதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. பழையதைப் புது விலைக்கு வாங்குவதில்தான் இருக்கிறது.

சிபியு என்றால் இன்னும் ஒரு சோதனை உண்டு. லேப்டாப்பில் சீமென்ஸின் ப்ரோகிராமிங் சாஃப்ட்வேரான ஸ்டெப் 7-ஐத் திறந்து, மாட்யூல் இன்ஃபர்மேஷனைப் பாருங்கள். ஆர்டர் நம்பரும் ஃபர்ம்வேர் வெர்ஷனும் சிபியுவுக்குள்ளிருந்தே வரும், முன்னால் ஒட்டிய ஸ்டிக்கரோடு அது ஒத்துப்போக வேண்டும். அப்புறம் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறங்கள். சிபியுவுக்கு நடந்ததெல்லாம் அதில் தேதியோடு வரிசையாக இருக்கும், கடைசி நூறு பதிவுகள் பவர் போனாலும் அழியாது, மெமரி ரீசெட் செய்தாலும் அழியாது. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் (பெயர் வேண்டாம்) எங்களுக்கு வந்த "புத்தம் புது" சிபியுவில், எங்கேயோ ஒரு ஆலையில் வருடக்கணக்கில் ப்ராஃபிபஸ் (சிபியுவை மற்ற யூனிட்களோடு இணைக்கும் கேபிள் லைன்) ஸ்டேஷன் விழுந்து எழுந்த கதை முழுக்க இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். கடைசியில் விலையில் பாதியைக் குறைத்துக்கொண்டார், நல்ல சிபியுதான், இன்றைக்கும் டெஸ்ட் ரேக்கில் ஓடுகிறது. கில்லாடியான ஆள் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு அனுப்பலாம். அப்போது இந்தச் சோதனை பலிக்காது.

சிபியுவுக்கு வருவோம். ஆர்டர் நம்பர் 6இஎஸ்7 315-2ஏஜி10 என்று தொடங்குகிற பழசுக்கு 128 கேபி வொர்க் மெமரி, 315-2ஏஹெச்14 என்கிற பின்னால் வந்ததற்கு 256 கேபி. இரண்டும் 40 மில்லி மீட்டர் அகலம். அதற்கும் முந்தைய 2ஏஎஃப்03 வகை இதைப்போல் இரு மடங்கு அகலம், லித்தியம் பேட்டரி வேறு. உங்கள் பேனலில் பேட்டரி வகை இருந்தால் இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் போய் முன்பக்கத்தில் பிஏடிஎஃப் (பேட்டரி பழுது) விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பவர் ஆனில் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி செத்திருக்கிற நிலையில், ஃபிளாஷ் கார்டும் இல்லாமல், பவரையும் நிறுத்தினால் ப்ரோகிராம் போய்விடும். அப்புறம் அந்த மெஷினைக் கட்டிய ஆளைத் தேடி எந்த நாட்டுக்கு மெயில் போடுவது?

ஏஜி10, ஏஹெச்14 இரண்டிலும் பேட்டரி இல்லை. ப்ரோகிராம் முழுக்க எம்எம்சி என்கிற சின்ன மெமரி கார்டில் இருக்கிறது. அது இல்லாமல் சிபியு ரன்னுக்கே போகாது. இதைத் தனியாக வாங்க வேண்டும், சிபியுவோடு சும்மா வராது. உதிரி சிபியுவை வாங்கி வைத்துவிட்டு எம்எம்சி வாங்காமல் விட்ட இடங்கள் நம் ஊரில் நிறைய. சிபியு செத்தால் பழைய கார்டையே உருவிப் போட்டுக்கொள்ளலாம், சரிதான். எம்எம்சியே செத்தால்? கையில் புது சிபியு இருந்தும் மெஷின் நிற்கும்.

பார்க்க கேமரா மெமரி கார்டு மாதிரியே இருப்பதால் வருகிற ஆபத்து இன்னொன்று. லேப்டாப்பின் கார்டு ஸ்லாட்டில் செருகினால் விண்டோஸ், "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். ஓகே கொடுத்துவிட்டால் சிபியுவுக்கு அது பிறகு உதவாது. எங்கள் உதிரி எம்எம்சிகளை சிபியுவிலேயே மாட்டி, அதன் வழியாகத்தான் ப்ரோகிராம் ஏற்றுகிறேன். மெஷினுக்கு ஒன்று வீதம் ப்ரோகிராமோடு தயாராக, மெஷின் பெயரும் தேதியும் எழுதிய கவரில் இருக்கிறது. எம்எம்சிகளில் கீழே 64 கேபியிலிருந்து மேலே 8 எம்பி வரை உண்டு. உங்கள் பழைய கார்டின் அளவையோ அதற்கு மேலேயோ வாங்குங்கள்.

சிபியு மாற்றுவது எப்படி இருக்கும் என்று ஸ்டென்டரில் செய்ததை வைத்துச் சொல்கிறேன். பவர் ஆஃப். எம்எம்சியை எஜெக்டரை அழுத்தி வெளியே எடுத்தோம். ப்ராஃபிபஸ் கனெக்டரில் இருக்கிற டெர்மினேஷன் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றினோம். லைனின் இரண்டு முனையிலும் அது ஆனில் இருக்க வேண்டும், நடுவில் ஆஃப். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று யாராவது தட்டிவிட்டால் சிபியு மேல் சந்தேகம் போகும், குற்றவாளி கனெக்டராக இருக்கும். புது ஏஹெச்14-ஐ மாட்டி, பழைய எம்எம்சியைச் செருகி, பவர் கொடுத்தோம்.

ஸ்டாப் விளக்கு மெதுவாக மினுக்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற பையன் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க சார், இதுவும் போச்சுங்களா?" போகவில்லை. தனக்குப் பழக்கமில்லாத கார்டைப் பார்த்த சிபியு மெமரி ரீசெட் கேட்கிறது, அவ்வளவுதான். மோட் சுவிட்சைக் கீழே எம்ரெஸ் பக்கம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்டாப் விளக்கு இரண்டாவது தடவை எரிந்து அப்படியே நிற்கும், மூன்று விநாடி ஆகும். விட்டுவிட்டு, அடுத்த மூன்று விநாடிக்குள் மறுபடி அமுக்க வேண்டும். இப்போது விளக்கு வேகமாக மினுக்கும், எம்எம்சியிலிருந்து ப்ரோகிராம் உள்ளே ஏறும். விளக்கு நிலையாக நின்றதும் ரன்னுக்குத் தள்ளினால் பச்சை. முதல் விடலுக்கும் இரண்டாவது அமுக்கலுக்கும் நடுவே தாமதித்தால் வேலை நடக்காது, மறுபடி முதலிலிருந்து. பையனை டெஸ்ட் ரேக்கில் இதைச் செய்து பழக வைத்திருக்கிறேன். இரவு ஷிஃப்டில் மேனுவல் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ரன்னுக்குப் போனதும் வேலை முடிந்தது என்று பேனலை மூடிவிடாதீர்கள். மெமரி ரீசெட் ஆன சிபியுவில் டேட்டா பிளாக்குகள் எம்எம்சியில் பதிந்திருக்கிற ஆரம்ப மதிப்புகளோடு கிளம்பும். ஆபரேட்டர் ஸ்கிரீனிலிருந்து மாற்றிய டெம்பரேச்சர் செட்டிங், பிஐடி (சூட்டை நிலையாக வைக்கும் கன்ட்ரோல்) அளவுகள், ஓவர்ஃபீடு (துணியை உள்ளே கூடுதலாக விடுகிற அளவு) எல்லாம் மெஷின் வந்த நாளில் இருந்த மதிப்புக்குத் திரும்பிவிடலாம். துணி கருகின பிறகு கண்டுபிடிப்பதை விட, மெஷின் நன்றாக ஓடும் ஒரு நாளில் ஸ்டெப் 7-இல் காப்பி ராம் டு ரோம் செய்துவிடுவது நல்லது. அப்போது நடப்பு மதிப்புகள் எம்எம்சிக்குப் போய்விடும். நாங்கள் அப்படிச் செய்து வைத்திருந்ததால் ஸ்டென்டர் பழைய செட்டிங்கிலேயே கிளம்பியது. கடிகாரத்தையும் பாருங்கள். அலமாரியிலிருந்து வந்த சிபியு 1994 ஜனவரி 1 என்று ஆரம்பிக்கும். எங்கள் அலாரம் லிஸ்ட் ஒரு நாள் முழுக்க 1994-இல் இருந்தது, க்யூசி ஆள் வந்து கேட்ட பிறகுதான் சரி செய்தேன்.

அனலாக் கார்டான எஸ்எம் 331-க்கு (7கேஎஃப்02) மட்டும் நான் ஒரு மதிப்பெண் குறைப்பேன். கார்டின் இடது பக்கவாட்டில் நாலு சின்ன பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு சேனலுக்கு. கட்டையை உருவித் திருப்பிப் போட்டால் ஏ, பி, சி, டி என்று நாலு நிலை. கடையிலிருந்து வரும்போது பி-யில் இருக்கும், அது வோல்டேஜுக்கு. ஆர்ஓவில் இருக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் இரண்டு வயர் வகை, அதற்கு டி. கரன்டையும் கார்டே கொடுக்கும். தனி சப்ளையில் ஓடுகிற ஃப்ளோ மீட்டர் நாலு வயர் வகை, அதற்கு சி. தெர்மோகப்பிளுக்கு ஏ. ப்ரோகிராமில் 4-20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் கட்டை தப்பாக இருந்தால் கார்டில் சிவப்பு எஸ்எஃப் (பழுது) விளக்கு எரியும், ஸ்கிரீனில் பிரஷர் உச்சத்தில் நிற்கும், ஹை பிரஷர் பம்ப் ட்ரிப். கார்டை ரேக்கில் மாட்டிவிட்டால் பக்கத்துக் கார்டு மறைப்பதால் கட்டை கண்ணுக்கும் தெரியாது. பழைய கார்டைக் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, புதுக் கார்டின் கட்டை ஒவ்வொன்றும் பழையதில் அதே இடத்திலிருக்கிற எழுத்தையே காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். எங்கள் உதிரிக் கார்டில் கட்டைகளை முன்னாலேயே ஆர்ஓவுக்கு ஏற்ற மாதிரி திருப்பி வைத்து, பெட்டி மேல் "சிசி டிடி டிடி டிடி ஆர்ஓ" என்று மார்க்கரில் எழுதியாயிற்று.

எங்கே வாங்குவது? அதிகாரபூர்வ டீலரிடம் வாங்கினால் பில், வாரண்டி, நிம்மதி மூன்றும் உண்டு, விலை கசக்கும். 2021, 2022-இல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது டீலரிடம் டெலிவரி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அதற்கு முன்பு "தேவைப்பட்டா வாங்கிக்கலாம்" என்று சொன்ன முதலாளிகள் அதற்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை. ஸ்டாக்கிஸ்ட்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பேச்சு இனிக்கும், கட்டையையும் பஃபரையும் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது வழி, பழைய மெஷின் பிரிக்கிறவர்கள். வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்து, பிரித்து விற்கிற ஸ்டென்டரின் பேனலில் முழு ரேக்கே கிடைக்கும். விலை மிகக் குறைவு, சோதிக்கிற வசதி உங்களிடம் இருக்க வேண்டும்.

நாலாவது வழிதான் எனக்குப் பிடித்தது, கோயம்புத்தூரில் ராம்நகர் பக்கம் இருக்கிற ஒரு சர்வீஸ் கடை. கடை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. அண்ணன் அங்கே அவுட்புட் கார்டுகளைச் சரி செய்து தருகிறார். சரி செய்த கார்டை அவர் சோதிக்கிற விதத்துக்காகவே போய்ப் பார்க்கலாம். ஒரு பலகையில் 32 லாரி பார்க்கிங் பல்பு, 24 வோல்ட் 5 வாட். அந்தக் கார்டின் ஒரு அவுட்புட்டுக்கு விளக்கு லோடு அதிகபட்சம் 5 வாட்தான் என்று டேட்டாஷீட் சொல்கிறது, அதை அப்படியே கொடுக்கிறார். கார்டை ரேக்கில் ஏற்றி, வரிசையாக ஓட விட்டு, பிறகு முப்பத்திரண்டையும் ஒன்றாக எரிய விட்டு, டீக்கடைக்குக் கூட்டிப் போகிறார். திரும்பி வந்து, "எல்லாம் எரியுதுங்களா, எண்ணிக்கோங்க சார்" என்கிறார். சூட்டில் மட்டும் மக்கர் செய்கிற சேனல் அந்த நேரத்தில் தெரிந்துவிடும். பல டீலர்கள் கார்டில் இருக்கும் பச்சை விளக்கை மட்டும் காட்டி அனுப்புவார்கள். அந்த விளக்கு எரிவதற்கும் வெளியே கரன்ட் வருவதற்கும் சம்பந்தமில்லாமல் போவதும் உண்டு. அவரிடம் குறை என்றால், சொன்ன தேதியில் கொடுக்க மாட்டார். போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிபியு பழுதையும் அவர் தொடுவதில்லை, "அது நமக்கு வேண்டாமுங்க" என்று நேராகச் சொல்லிவிடுவார்.

வைக்கிற இடம் பற்றி ஒரு வார்த்தை. டேட்டாஷீட் படி இந்தக் கார்டுகளை மைனஸ் 40 முதல் 70 டிகிரி வரை வைத்திருக்கலாம். நம் ஊர் வெயில் அதற்குப் பொருட்டே இல்லை. சாயப்பட்டறையில் எதிரி ஹைட்ரோஸ் (சாயமேற்றும்போது போடுகிற கெமிக்கல்) வாடையும் ஈரமும் பஞ்சுத்தூசியும். காப்பர் பஸ்பாரைக் கருக்குகிற அதே காற்று கார்டின் பின்களையும் கருக்கும். கெமிக்கல் ஸ்டோர் பக்கத்து ஸ்பேர் ரூமில் கார்டை வைக்காதீர்கள். எங்களுடையவை ஏசி இருக்கிற கன்ட்ரோல் ரூம் அலமாரியில், ஆன்டிஸ்டேட்டிக் கவருக்குள், சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. இந்தச் சூழலுக்கென்றே பூச்சு பூசிய சிப்ளஸ் வகை உண்டு, ஆர்டர் நம்பர் 6ஏஜி1 என்று தொடங்கும். விலை கேட்டுவிட்டு ஏசிக்கு ஃபில்டர் மாற்றினேன்.

அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு முழ நீள ரெயில் அடித்து, பவர் சப்ளையோடு ஒரு பழைய சிபியுவை மாட்டியிருக்கிறேன். எந்தக் கார்டு வந்தாலும் அதில் ஏறி ஓடிய பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுவேன். சப்ளையர்களுக்கு இது தெரியும் என்பதாலேயே இப்போது எங்களுக்கு நல்ல பீஸாக அனுப்புகிறார்கள்.

ஆக, என் சிபாரிசு வரிசை: ப்ரோகிராம் ஏற்றிய எம்எம்சி, 24 வோல்ட் சப்ளை, எஸ்எம் 322, டெர்மினேஷன் உள்ள ப்ராஃபிபஸ் கனெக்டர் ஒன்று, எஸ்எம் 331, கடைசியாக ஒரு சிபியு. இன்புட் கார்டை நான் சொல்லவே இல்லை என்று கேட்பீர்கள். அது சாவதே அபூர்வம், காசு மிஞ்சினால் வாங்குங்கள். இதற்கெல்லாம் முன்னால், மெஷின் கட்டியவரிடமிருந்து ப்ராஜெக்ட் ஃபைலை வாங்கி வைத்திருக்கிறீர்களா பாருங்கள். சிபியுவிலிருந்து உருவி எடுக்கிற ப்ரோகிராமில் பெயர்களும் குறிப்புகளும் இருக்காது, வெறும் அட்ரஸ்தான் மிஞ்சும்.

புது சிபியு இரண்டு மூன்று வாங்கிப் பதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காசைச் சேர்த்தால் ஒரு மெஷினை புதிய வரிசையான எஸ்7-1500-க்கு மாற்றும் செலவில் கணிசமான பங்கு வந்துவிடும். ஸ்டென்டருக்கு அந்தக் கொட்டேஷன் வாங்கி முதலாளி மேஜையில் வைத்திருக்கிறேன். மாற்றுகிற ஒப்பந்தத்தில், கழற்றுகிற பழைய ரேக்கை கான்ட்ராக்டர் எடுத்துப் போகக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு சிபியு, அவுட்புட் கார்டுகள், அனலாக் கார்டுகள், கனெக்டர்கள் என்று அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஆர்ஓ பிளான்டுக்கு உதிரியாக வந்துவிடும். முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறார்.